கவிதைக்குள் வராத வெந்நீர்

1

என்னுடைய பழைய கவிதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று இரண்டு நண்பர்கள் முன்வந்திருக்கிறார்கள். புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1981-ல் எழுதிய ஒரு கவிதையில் கை நின்றுவிட்டது. அப்போது ஒரு சிறுபத்திரிகையில் வந்த கவிதை. பத்திரிகை நான்காவது இதழோடு நின்றுபோயிற்று. கவிதையைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன. இப்போது படிக்கையில் அது பொய்யான கவிதை என்று தெரிகிறது. எந்த இடத்தில் பொய், எதனால் பொய் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். தன் கவிதையைப் பற்றித் தானே எழுதுவது நாகரிகமில்லை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொய் எனக்கு மட்டும் உரியதாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

அன்று திண்டுக்கல் மதுரை ஜில்லாவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கிருந்தோ பொறுக்கிய காகிதங்களை மடியில் அடுக்கி, கரித்துண்டால் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். அதனால் கடைக்காரர்கள் அவருக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலை வேளைகளில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கேள்வி நமக்குக் கேட்காது. பதில் மட்டும் கேட்கும். 'இல்லீங்க, நான் எடுக்கலீங்க' என்பது அடிக்கடி வரும் பதில்.

ஒரு மார்கழி காலையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு முன்னால் அவர் வந்து நின்றார். வடைத் தட்டின் பக்கம் கை நீட்டினாரா, சும்மா நின்றாரா என்பதில் அங்கிருந்தவர்களுக்குள் பிற்பாடு அபிப்பிராய பேதம் இருந்தது. கடைக்காரர் கிளாஸ் கழுவ வைத்திருந்த வெந்நீரை ஒரு குவளை மொண்டு அவர் மேல் வீசினார். கழுத்திலும் தோளிலும் பட்டது. அவர் கத்தவில்லை. காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். பனிக்காலமாகையால் உடம்பிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷர், 'விடுங்கப்பா, அதுக்கு என்ன தெரியப்போகுது' என்றார். நான் என் டீயைக் குடித்து முடித்தேன்.

அன்றிரவே கவிதை எழுதிவிட்டேன். அதில் அவர் இருக்கிறார். மலைக்கோட்டை இருக்கிறது. கரித்துண்டும் காகிதமும் இருக்கின்றன. அவர் ஆகாயத்தின் கணக்குகளைப் பதிவு செய்கிறவர் ஆகிவிட்டார். உடம்பிலிருந்து கிளம்பிய ஆவியும் இருக்கிறது. ஆனால் அது மார்கழிப் பனியாக, அவரைச் சூழ்ந்த ஒரு ஒளிமூட்டமாக வருகிறது. கடிதம் எழுதிய மூவரில் இருவர் அந்தப் பனிப் படிமத்தைத்தான் விசேஷமாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

வெந்நீர் இல்லை. ஆவியை எடுத்துக்கொண்டு வெந்நீரை விட்டுவிட்டேன்.

மறந்துபோய் விட்டதல்ல. எழுதும்போது வெந்நீர் நினைவில் இருந்தது என்பதும், அதைச் சேர்த்தால் படிமத்தின் அமைதி கெட்டுவிடும் என்று யோசித்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை அன்று கலைக் கட்டுப்பாடு என்று நம்பினேன்.

2

பெஞ்சிலிருந்த பெரியவர் சொன்ன வாக்கியத்தில் ஒரு இலக்கண விஷயம் இருக்கிறது. 'அவனுக்கு என்ன தெரியப்போகுது' என்று அவர் சொல்லவில்லை. 'அதுக்கு' என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். நம் பேச்சுமொழியில் கைக்குழந்தையையும் இறந்தவர் உடலையும் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டவர்களையும் 'அது' என்கிறோம். குழந்தைக்குச் சொல்லும் 'அது' கொஞ்சல். மற்ற இரண்டும் ஒன்றேதான். ஆள் இருந்த இடம் காலியாகிவிட்டது என்று அர்த்தம்.

மொழியை உயர்திணை, அஃறிணை என்று பிரித்த மரபு நம்முடையது. நன்னூல் உயர்திணைக்குள் மக்களையும் தேவரையும் வைத்ததோடு நில்லாமல் நரகரையும் சேர்த்தது. நரகத்தில் கிடந்து வேகிறவனும் உயர்திணைதான். செய்த பாவம் அவனைத் திணை மாற்றுவதில்லை. பவணந்தி கொடுத்த அந்தச் சலுகை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

திணை மாறிவிட்ட பிறகு அவர் மேல் எது விழுந்தாலும் அது வன்முறைக் கணக்கில் வராது. வன்முறைக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நடப்பது விரட்டுவது, அடக்குவது, கட்டிவைப்பது என்று வேறு பெயர்களில் போய்விடுகிறது. மாட்டை அடித்தால்கூட 'வாயில்லா ஜீவன்' என்று யாராவது கேட்பார்கள். இவருக்கு வாய் இருந்தது, பேசிக்கொண்டும் இருந்தார். அதுதான் அவருக்கு எதிரான சாட்சியமாக இருந்தது.

மனநோயாளி என்றால் ஆபத்தானவன், எந்த நேரமும் கல்லெடுத்து வீசுவான் என்பது ஊரின் தீர்மானம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சிக்காகோவில் லிண்டா டெப்ளினும் சகாக்களும் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே வருஷத்துக்குள் வன்முறைக் குற்றத்துக்கு இலக்காகியிருந்தார்கள். பொதுமக்களிடையே உள்ள விகிதத்தைப்போல் இது 11 மடங்குக்கும் அதிகம். சிக்காகோ நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பஸ் ஸ்டாண்டில் யார் யார்மீது வெந்நீர் வீசினார்கள் என்பதைப் பார்த்த எனக்கு அந்தக் கணக்கு ஆச்சரியம் தரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

3

நாம் சினிமாவைப் பற்றிப் பேசினால் ஏளனத்தோடு பேசுவது வழக்கம். இந்த விஷயத்தில் அந்த உரிமை நமக்கு இல்லை. தமிழ் சினிமா நெடுங்காலமாகப் பைத்தியத்தை நகைச்சுவைப் பகுதிக்கு ஒதுக்கி வைத்திருந்தது. கீழ்ப்பாக்கம், ஏர்வாடி என்ற ஊர்ப்பெயர்களே சிரிப்புக்குப் போதுமானவையாக இருந்தன. 1794-ல் சென்னையில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை 1871-லிருந்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. இத்தனை வருஷத்து துக்கத்துக்கு நம் பொது மொழியில் மிஞ்சியது ஒரு கேலிச்சொல்.

1999 டிசம்பரில் பாலாவின் 'சேது' வந்தது. அடிபட்டுச் சித்தம் கலங்கிய காதலன் ஒரு மடத்தில் காலில் சங்கிலியோடு கிடப்பதைத் தமிழ் ஜனங்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள். நானும் அழுதேன். ஆனால் எதற்காக அழுதோம்? சங்கிலி அங்கே காதலின் விதியாக வருகிறது. அந்த மடத்தில் சேதுவோடு கட்டப்பட்டுக் கிடக்கும் மற்றவர்களுக்குக் காதல் கதை இல்லை. ஆகவே அவர்களுக்காக யாரும் அழவில்லை. அவர்கள் பின்னணி. கடைசியில் குணமடைந்த சேது, காதலி இறந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, தானாகவே சங்கிலிக்குத் திரும்பிப் போகிறான். உலகத்தைவிட அந்த இடம் மேலானது என்ற எண்ணத்தோடு நாம் எழுந்து வெளியே வந்தோம்.

இருபது மாதம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநல இல்லம் என்ற கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அன்று 25 பேர் இறந்தார்கள். பிறகு 3 பேர். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் நோயாளிகளைக் கூட்டி வருவார்கள். சுற்றிலும் தனியார் நடத்திய இப்படிப்பட்ட இல்லங்கள் முளைத்திருந்தன. ஒரு வாரத்துக்குள் அரசாங்கம் அவற்றை மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, 2002 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவுகள் போட்டது. வழக்கின் பெயரிலேயே 'சங்கிலியிடப்பட்ட 25 பேர்' என்று எண்ணிக்கை இருக்கிறது. பின்னால் இறந்த மூவர் அந்தப் பெயருக்குள் இல்லை. சட்டப் புத்தகங்களில் அது இன்றும் 25 பேரின் வழக்குத்தான்.

'சேது'வால் ஏர்வாடி எரிந்தது என்று சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. அந்தப் படத்தைத் தேசிய விருது வரை கொண்டாடிய தமிழ்நாட்டில் சங்கிலி யாருக்கும் ரகசியமாக இருக்கவில்லை. பார்த்திருந்தோம், அழக்கூடச் செய்தோம். ஒரு காட்சி மனசை உலுக்கிவிட்டது என்பதாலேயே அது நம் கண்ணைத் திறந்துவிட்டது என்று ஆகாது. சங்கிலியை விதியாகப் பார்க்கப் பழகியவனுக்கு அதைக் குற்றமாகப் பார்ப்பது பின்னும் கஷ்டமாகிவிடுகிறது.

பாலாஜி சக்திவேலின் 'காதல்' 2004-ல் வந்தது. மதுரை மெக்கானிக் பையன், பெண்ணின் குடும்பத்தாரால் அடித்து நொறுக்கப்பட்டு, சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு சிக்னலில் அழுக்குத் துணியோடு திரிகிறவனாகத் தென்படுகிறான். பெண்ணின் கணவன் அவனைச் சிகிச்சைக்கு எடுத்துச் செல்கிறான். இந்த முடிவில் ஒரு நேர்மை இருக்கிறது. பைத்தியம் கடைசி வார்த்தையாக விடப்படவில்லை. இருந்தும், அடிபட்ட நாளுக்கும் சிக்னலுக்கும் நடுவில் உள்ள வருஷங்களைப் படம் ஒரு வெட்டில் தாண்டிவிடுகிறது. அந்த வருஷங்களில் அவன் எங்கே தூங்கினான், யார் சோறு போட்டார்கள், யார் வெந்நீர் வீசினார்கள்? முதல் அடி கௌரவத்துக்காக விழுந்தது, அதைக் காட்டியாயிற்று. பிற்பாடு தெருவில் விழுந்த அடிகளுக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. காரணமில்லாத அடியைக் கதையாக்க நமக்குத் தெரியவில்லை.

4

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பைத்தியத்தின் மேல் எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. சிவனைப் பித்தன் என்று பாடிய மரபு ஒரு பக்கம். சித்தர்கள் ஒரு பக்கம். அறுபதுகளிலிருந்து படித்த ஐரோப்பியர்கள் இன்னொரு பக்கம். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஃபூக்கோ வந்து சேர்ந்தார். 1656-ல் பாரிஸில் பெரிய அடைப்பிடம் நிறுவப்பட்ட கதையை 1961-ல் அவர் எழுதியதை வைத்துக்கொண்டு, பைத்தியம் என்பது அதிகாரம் ஒட்டிய சீட்டு என்று நாமும் பேசினோம். பேசியது முழுத் தவறில்லை. ஆனால் நம் ஊரில் அடைத்துவைத்தது பெரும்பாலும் அரசாங்கம் இல்லை. சங்கிலியைக் கடையில் விலைக்கு வாங்கியது அப்பாவோ அண்ணனோதான். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் நான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்களுடையது. பூட்டு வாங்குகிறவர்களின் முகங்களைக் கொஞ்சம் அறிவேன். தினக்கூலிக்குப் போகிற தாயும் தகப்பனும், வயதுவந்த மகன் பகலில் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டுவிடக்கூடாது என்று கொட்டிலில் கட்டிவிட்டுப் போவதை நான் கிராமங்களில் கண்டிருக்கிறேன். அவர்களை அதிகாரம் என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்குத் துணிவில்லை. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி நோய் உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைச் சிகிச்சையே எட்டவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சங்கிலி வருகிறது. கட்டியவர்களின் கஷ்டம் கட்டப்பட்டவனின் கால் புண்ணை ஆற்றாது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிடிக்கக்கூடிய உரைநடை நமக்கு வேண்டியிருக்கிறது. ஃபூக்கோவிடமிருந்து அது வராது.

நம் வட்டத்துக்குள்ளேயே நோயோடு வாழ்ந்தவர்களிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1984-ல், 33 வயதில் இறந்தார். 'ழ' பத்திரிகையை நடத்தியவர். தெளிவான, நிதானமான, பிறர்மேல் அக்கறையுள்ள கவிதைகளை எழுதியவர். அவருடைய நோயைக் கவிதைகளுக்கு வழங்கப்பட்ட சான்றிதழ்போல் பேசுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. எழுதியது அவருடைய தெளிவு. நோய் அதற்கு இடைஞ்சலாக இருந்தது. நோயைப் புகழ்ந்து மனிதனை மறப்பதும், 'அதுக்கு என்ன தெரியப்போகுது' என்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டிலும் ஆள் காணாமல் போகிறான்.

விதிவிலக்குகள் உண்டு. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' 1992-ல் வெளிவந்தது. 1993-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கிய மகாலிங்கத்தின் கதை. ஆசிரியரின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. குரல்கள் ஆபாசமாகப் பேசுகின்றன, மிரட்டுகின்றன, கேலி செய்கின்றன. வியாபாரம் நொடிக்கிறது, குடும்பம் பட்டினி கிடக்கிறது. அந்த நாவலைப் பெரிதாக்குவது, அதில் எதுவும் வேறு எதற்கும் குறியீடாக ஆக்கப்படவில்லை என்பது. குரல் என்றால் குரல். காளியும் முருகனும் வரும்போதும் அது தத்துவமாகிவிடுவதில்லை. அரிசி வாங்கப் பணமில்லாத வீட்டில்தான் அவர்களும் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பதில் மட்டும் கேட்டது. வெங்கட்ராம் கேள்வியைக் கேட்கவைத்தார்.

இன்னொருவர் கோபிகிருஷ்ணன். 2003-ல் மறைந்த அவர் மனநல மருத்துவச் சூழலை உள்ளிருந்து அறிந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற தலைப்பே ஒரு விமரிசன நிலைப்பாடு. அவர் நடை வறண்டது, சொல்வது தகவல் போல இருக்கும், அழகில்லை என்று அந்த நாளில் நானும் சொன்னதுண்டு. இப்போது அந்த வறட்சி மரியாதையின் ஒரு வடிவம் என்று படுகிறது. தன் முன்னால் இருப்பவர் சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொள்கிறார். அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைவதில்லை. என் கவிதையில் நான் வரைந்ததை அவர் ஒருபோதும் வரைந்திருக்கமாட்டார்.

5

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் கோபப்பட்டார். 'நீ கவிதையைப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். ஆக்கச் சொல்கிறாய். யார் ஊற்றினான், எத்தனை மணிக்கு ஊற்றினான் என்று எழுதிவிட்டால் கவிதையாகிவிடுமா? முற்போக்குக்காரர்கள் நாற்பது வருஷம் சொன்னதை நீ இன்றைக்குச் சொல்கிறாய்' என்றார்.

ஆட்சேபணை நியாயமானது. கவிதை சமூக சேவை செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெந்நீரைச் சேர்த்திருந்தால் நல்ல கவிதை ஆகியிருக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. மிகையுணர்ச்சிச் சரக்காகப் போயிருக்கலாம். நான் கேட்பது உருவம் பற்றிய கேள்வி. அந்த ஆவி வெந்நீரிலிருந்து வந்தது. காரணத்தை அறுத்துவிட்டுக் காரியத்தை மட்டும் எடுத்து அழகாக்கினால் அந்தப் படிமம் எதன்மேல் நிற்கிறது? ஒருவரின் எரிச்சலின்மேல் நிற்கிறது; நிற்பதை மறைத்துக்கொண்டும் நிற்கிறது. எழுதாமலேயே இருந்திருக்கலாம். அது நேர்மையாக இருந்திருக்கும்.

2018 பிப்ரவரியில், எங்கள் பழனி மலைகளுக்கு மேற்கே அட்டப்பாடியில், மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு பழங்குடி இளைஞரை, உணவுப் பொருள் திருடினார் என்று பிடித்துக் கட்டி அடித்துக் கொன்றார்கள். கட்டப்பட்டு நின்றவரோடு சேர்ந்து ஒருவன் படம் எடுத்துக்கொண்டான். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே 2018 மே மாதத்தில் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று போனில் பரவிய வதந்தியை நம்பி, மனநலம் குன்றித் திரிந்த ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. யார் என்று கேட்டதற்கு அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

அட்டப்பாடிப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது முதலில் எனக்கு அருவருப்பு வந்தது. பிறகுதான் என் கவிதை ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது நாடகத்தனம். அவர்கள் அடித்தார்கள், நான் அடிக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்ததிலிருந்து ஒரு படத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டு போனவன் நானும்தான்.

2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று 95-ஆவது பிரிவில் சொல்கிறது. தெருவில் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது அந்த எல்லைக்குட்பட்ட போலீஸ் நிலையத்தின் கடமை என்று 100-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுக்குள் கொடுமைப்படுத்தப்படுகிறவரைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க 101-ஆவது பிரிவு வழி செய்கிறது. சட்டத்தின் மொழி நம்முடைய மொழியைவிட முன்னால் போய்விட்டது என்பது எழுதுகிறவர்களுக்குப் பெருமை தருகிற செய்தி அல்ல. சட்டம் அவரை 'நபர்' என்று அழைக்கிறது. நாம் இன்னும் 'அது' என்றோ 'பித்தன்' என்றோதான் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொகுப்பிலிருந்து அந்தக் கவிதையை எடுத்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருத்தவும் போவதில்லை. இப்போது வெந்நீரைச் சேர்த்தால் 1981-ல் இருபத்துநாலு வயதில் நான் பார்த்துவிட்டேன் என்றாகிவிடும். அன்று பார்க்காமல் விட்டதுதான் உண்மை. கவிதை அதற்குச் சாட்சியாகக் கிடக்கட்டும்.

வெந்நீர் வீசியவரின் பெயர் எனக்குத் தெரியும். முரடர் இல்லை, என் தங்கை கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். தாசில்தாரின் பெயரை நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் நான்கு வருஷம் அதே கடையில்தான் டீ குடித்தேன்.